நாராயணா சொன்ன பாதிரி

சாயா வேண்டாம் சாரே. வெளிய வண்டியில பெட்டி இருக்கு, எங்க பழைய பட்டாளப் பாதிரி யோசுவா சாப் முந்தாநேத்து கண்ணை மூடி அதுக்குள்ள கெடக்காரு. கல்லறைத் தோட்டத்துல அவருக்கு இடம் குடுக்காண்டாம்ணு சபைக் கமிட்டி தீர்மானிச்சாச்சு, நீங்க செக்ரட்டரி, ஒப்பும் போட்டாச்சு. செரி. இந்து பட்டாளக்காரனுக்குத் திருநீறு பூசினாரு, நாராயணா சொன்னாரு, அதுதானே குத்தம்? செய்தாரு. நான் மறுக்கல்ல. பக்கத்துல கெடந்து பாத்தவன் நானாக்கும்.

பட்டாளத்துல பாதிரிக்குத் துப்பாக்கி கெடையாது கேட்டேளா. ஒரு பைபிளு, அவ்வளவுதான். எங்களுக்குப் பூசை செய்யப் பண்டிட்ஜி தனியா உண்டு. சண்டைக்குப் பனிமலையில ஏறினதும் அவருக்கு மூச்சு முட்டி, தூக்கிக் கீழ கொண்டுபோயாச்சு. ஒரு ஆளு இல்லேண்ணா மத்த ஆளு எல்லாருக்கும் பாக்கணும், அதாக்கும் அங்க முறை. யோசுவா சாப் ஞாயித்துக்கிழமை செபம் முடிச்சுட்டு அதே தகரக் கொட்டகையில எங்களுக்கு வெளக்கு கொளுத்துவாரு. தட்டு சுத்தத் தெரியாது, கற்பூரத்தைக் கீழ போடுவாரு. நாங்க சிரிப்போம். சிரிக்காதீங்கலேண்ணு சொல்லிட்டு அவரும் சிரிப்பாரு.

பின்ன அந்த விடியக்காலம். நாங்க ஏறுதோம், மேல இருந்து எதிரி ஷெல் அடிக்கான். எனக்க முன்ன போன ஹவில்தாருக்கு மூஞ்சி இல்ல சாரே. பாறையெல்லாம் எறைச்சி. மொகத்தைத் திருப்பாண்டாம், கேளுங்க. அடிபட்டவனுவ கொடலை ரெண்டு கையாலயும் உள்ள தள்ளிட்டு அம்மைய விளிச்சு அலறினானுவ. துப்பாக்கி வச்சிருந்த நாங்க பாறைக்குப் பின்னால பம்மிக் கெடக்கோம். வெறுங்கையோட அந்த மனுசன் தரையோட தரையா இழைஞ்சு போனாரு. ஒருத்தனை இழுத்துட்டு வருவாரு, போட்டுட்டுப் பின்னயும் போவாரு. தோள்ல சில்லு ஏறி, சட்டையெல்லாம் ரத்தம். போவாண்டாம் சாப்ணு நான் காலைப் பிடிச்சேன். ஒதறிட்டுப் போனாரு.

அங்க ஒரு பய, தொடைக்குக் கீழ ஒண்ணும் இல்ல. தூக்கினா கையிலயே செத்துப்போவான். நாராயணா சொல்லுங்க சாப்ணு கேக்கான். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? எனக்கு அது பாவமாக்கும் மக்காண்ணு சொல்லுவீங்களா? அவரு அவனை மடியில போட்டாரு. பண்டிட்ஜி குடுத்துட்டுப் போன திருநீறை எடுத்து நெத்தியில பூசினாரு. வாயில ரெண்டு சொட்டு வெள்ளம் விட்டாரு. காதுல நாராயணா, நாராயணாண்ணு சொல்லிட்டே இருந்தாரு. குண்டு ரெண்டு பக்கமும் பாறையைப் பேத்து எறியுது, அவரு தலையக்கூட தாழ்த்தல்ல. அவன் மூச்சு நின்ன பொறவுதான் தனக்க செபத்தைச் சொன்னாரு. அழுதுட்டே சொன்னாரு.

இதுக்காக்கும் ஆறடி மண்ணு இல்லேண்ணு சொல்லுதீங்க.

இல்ல, ஒங்க கிட்ட சண்டைக்கு வரல்ல. நேத்து கோவம் இருந்துது, வெட்டுகத்தியோட வரணும்ணு இருந்தேன். ராத்திரி அவருக்க வீட்டுக்காரி சுகிர்தபாய் கிட்ட பேசியாச்சு, அவங்களுக்குச் சம்மதம். எங்க ஆளுகளை வீட்டு மண்ணுலதான் அடக்குவோம், ஒங்களுக்குத் தெரியுமே. பெருங்கடவிளையில எனக்க வீட்டுக்குத் தெக்குப்பக்கம் குழி வெட்டியாச்சு. எனக்க தம்பி விபினுக்குப் பக்கத்துல. ஆமா சாரே, மடியில கெடந்த பய அவன்தான்.

இடம் கேக்க வந்தேண்ணு நெனச்சீங்களா? குழியில மண்ணு போடும்போ சொல்லுத ஒங்க செபம் எங்க வீட்டுல ஆருக்கும் தெரியாது. அதைச் சொல்ல ஒரு ஆளு வேணும், வாறீங்களா?