மாசம் பதினொண்ணு, விரல் இருபது

மரம் அறுக்கிற மைட்டர் சா மெஷின் வாங்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சுவிட்சை அமுக்கிப் பார்ப்பார்கள், மேடம். வீண் வேலை. முதல் நாள் எல்லா மெஷினும் நன்றாகத்தான் சத்தம் போடும். சுவிட்சைத் தொடாமல், பிளேடு மாட்டிய தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். நூலளவு ஆட்டம் இருந்தாலும் கதவுச் சட்டத்தின் மூலை சேராது. அப்புறம் நாற்பத்தைந்து டிகிரியில் பூட்டி, மூலைமட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். பெட்டியில் போர்ட்டபிள் என்று அச்சடித்துவிட்டால் ஆயிற்றா? லிஃப்ட் வேலை செய்யாத கட்டிடத்தில் நாலாவது மாடிக்குச் சுமந்துகொண்டு போகிறவன் சொல்ல வேண்டும் அதை.

உங்கள் மேசையில் பாலிதீன் பையில் கட்டி வைத்திருக்கிறீர்களே, இதை வாங்கியவனும் அப்படி ஆட்டிப் பார்த்து என்னைக் கேட்டு வாங்கியிருந்தால், உங்களுக்கும் எனக்கும் இந்த அலைச்சல் இல்லை. நான் தமிழிலேயே சொல்கிறேன். ஆதிரா மேடம் கிழக்கேகோட்டையில் டியூட்டி பார்த்தவர், தமிழ் நன்றாகப் புரியும் என்று வெளியே நின்ற போலீஸ்காரர்கள் சொன்னார்கள். ஸ்டேஷன் ரைட்டர் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

பெயர் தாணுலிங்கம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாக மரவேலை மெஷின் விற்கிறேன், ரிப்பேரும் பார்க்கிறேன். எல்லோருக்கும் நான் அண்ணாச்சி. பாறசாலையிலிருந்து வித்துரா வரைக்கும் எந்த மரவேலைக்காரனை வேண்டுமானாலும் கேளுங்கள். அண்ணாச்சி கொள்ளாம் என்றால் அது நல்ல மெஷின், ஆகாது என்றால் ஆகாது. நான் ஆகாது என்று சொன்ன பிராண்ட் எதுவும் சாலையில் ஆறு மாசம் தாண்டியதில்லை. எனக்கென்று வேறு பெருமை கிடையாது. பிள்ளைகள் இல்லை. கோயில் கமிட்டியிலும் இல்லை. என் வாக்குதான் எனக்கு எல்லாம்.

இந்த மெஷினில் கார்டு என்று ஒன்று உண்டு. பிளேடை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடி. தலையை அழுத்தினால் விலகும், தூக்கினால் தானாகவே வந்து மூடிக்கொள்ளும். நம் ஆட்கள் வாங்கிய அன்றைக்கே அதைக் கழற்றிவிடுவார்கள். கோடு மறைக்கிறதாம். என் ஸ்க்ரூடிரைவரையே கேட்டு வாங்கி, என் கடை வாசலிலேயே கழற்றி, ஸ்பிரிங்கோடு என் பக்கெட்டிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். ஒருத்தன் காதிலும் ஏறியதில்லை. ஆனால் ஒன்று, கார்டு இல்லாதவன் பிளேடின் மேலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டான். பயம் அவனைக் காப்பாற்றிவிடும்.

என் பேச்சைக் கேட்டு, கார்டைக் கழற்றாமலே வேலை செய்தவன் சஜி ஒருத்தன்தான்.

சஜியும் மரவேலைக்காரன், பாறசாலைக்காரன், நல்ல பையன். ஃபிளாட்டுகளில் கிச்சன் அலமாரி அடிக்கிறவன். சைட்டுக்குத் தூக்கிப் போகிற மாதிரி மைட்டர் சா வேண்டும் என்று மூன்று நாள் காலையில் என் கடையில் வந்து உட்கார்ந்தான். இருந்த மெஷின் எல்லாவற்றையும் இறக்கி, ஆட்டி, வெட்டிக் காட்டினேன். நாலு டீ குடித்தான். ஜப்பான் கம்பெனி மெஷின் ஒன்றை எடுக்கச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவன், மறுவாரம் ஆன்லைனில் இந்த ஸோர்விக் கம்பெனி மெஷினை வரவழைத்து, நேரே என் கவுண்டருக்கே கொண்டுவந்து பெட்டியைப் பிரித்தான்.

ஒளிக்கத் தெரியாது அவனுக்கு. "அண்ணாச்சி ஒருக்கா கை வச்சுப் பாத்துச் சொல்லணும்" என்றான். கடையில் அப்போது ஆறு பேர் நின்றார்கள்.

"மக்கா, ஒரு வருஷத்துக்குள்ள இது ஒருத்தன் கைய எடுக்கும். எழுதி வச்சுக்க" என்றேன்.

"எழுதியே வைக்கேன் அண்ணாச்சி" என்று சிரித்தான்.

எழுதியும் வைத்தான். எங்கள் மரவேலைக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது, முன்னூறு பேர். மாதம் முடிந்ததும் மெஷின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்து ஒரு போட்டோ போடுவான். 'மாசம் ஒண்ணு, விரல் பத்து. அண்ணாச்சி சுகந்தன்னே?' அடுத்த மாதம், 'மாசம் ரெண்டு, விரல் பத்து.' எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிக்கிற படம் ஒன்றைத் தட்டிவிடுவேன். விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவன் நான், மேடம்.

நாலாம் மாதம் ஒருத்தன் அந்த மெஷின் எங்கே கிடைக்கும் என்று குரூப்பில் கேட்டான். ஆறாம் மாதம் மூன்று பேர் வாங்கினார்கள். எட்டாம் மாதம் நெடுமங்காட்டுக்காரன் ஒருத்தன் என் கவுண்டரில் கையூன்றிக்கொண்டு, "அண்ணாச்சி, ஸோர்விக் உண்டா?" என்றான். என் கவுண்டரில். இல்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் மாதம் பிளேடு மாற்ற வந்தபோது அந்த மெஷினை நான் ஒரு மணி நேரம் சோதித்தேன். தலையில் ஆட்டம் இல்லை. மூலை துல்லியமாக நின்றது. மோட்டார் சூடாகவில்லை. கெட்ட மெஷின் கெட்டதாகவே நடந்துகொண்டால் ஆட்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். இது நல்ல மெஷின் மாதிரி நடித்தது. அதனால்தான் இதை ஆபத்து என்கிறேன்.

பதினொன்றாம் மாதப் படத்தில் நாலு கை இருந்தது. இரண்டு கை வளையல் போட்ட கை. 'மாசம் பதினொண்ணு, விரல் இருபது' என்று எழுதியிருந்தான். கீழே ஒருத்தன், பன்னிரண்டாம் மாதம் அண்ணாச்சி கடையில் கேக் வெட்ட வேண்டும் என்றான். இன்னொருத்தன், அதையும் ஸோர்விக்கை வைத்தே வெட்டலாம் என்றான். நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். கேக்குக்கு நாளும் குறித்தார்கள். நானும் வரச் சொல்லிப் பதில் போட்டேன்.

அதற்கு ஒன்பது நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று சஜி மெஷினை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். ஆன்லைன்காரர்களிடம் கொடுத்திருக்கலாம். அண்ணாச்சி கை பட்டால்தான் திருப்தி என்றான். பிரஷ்ஷை நேர்மையாக மாற்றினேன், இருப்பதில் நல்லதாக. கரித்தூசியை ஊதித் துடைத்தேன். பிறகு பக்கெட்டில் கை விட்டுத் துழாவி, தளர்ந்துபோன பழைய ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக் கார்டில் மாட்டினேன்.

எதையும் உடைக்கவில்லை, எதையும் அறுக்கவில்லை. முப்பது தடவை தலையைத் தூக்கி இறக்கிப் பார்த்தேன். முதலில் கார்டு அடிக்கடி சிக்கி நின்றது. அப்படி இருந்தால் முதல் வெட்டிலேயே தெரிந்துவிடும். சரி பண்ணினேன். பதினைந்து பதினாறு தடவைக்கு ஒரு தடவை கார்டு பாதியில் நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன். எந்த வேலையையும் அரைகுறையாக விட எனக்கு மனசு வராது.

சஜிக்கு ஒரு விரல் போகும், மிஞ்சிப்போனால் இரண்டு என்று கணக்காக இருந்தேன். எட்டு விரலோடு வேலை செய்கிற ஆட்கள் எனக்கு எத்தனையோ பேர் வாடிக்கை. நான் கொடுமைக்காரன் இல்லை.

சனிக்கிழமை காலையில் மெஷினை வாங்க வந்தது அவன் பெண்டாட்டி ஷாலு.

"அவியளுக்கு சைட்டுல ஃபிட்டிங் கெடக்கு அண்ணாச்சி. அதான் நான் வந்தேன்" என்றாள்.

"கட்டிங் யாரு பாக்கா?" என்று கேட்டேன்.

"இப்போ முழுக்க நான்தான். அவிய அளவு சொல்லுவாவ, நான் வெட்டிக் குடுப்பேன்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம். தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். "அண்ணாச்சிட்ட ஒருக்கா சொல்லிக் கேக்கணும்னு எனக்கு ஆசை. கைய எங்க வைக்கணும், எப்படி எடுக்கணும்னு. அவிய சொல்லித் தந்தது சரிதானான்னு தெரியணும்லா?"

ஸ்பிரிங்கை மாற்ற ஐந்து நிமிஷம் போதும், மேடம். கடையில் கூட்டமும் இல்லை. அந்த மெஷினின் சொந்த ஸ்பிரிங் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. ஆனால் வருஷம் முடிய இருபத்தொரு நாள்தான் பாக்கி. அவள் கை என்றால் என்ன, அவன் கை என்றால் என்ன? ஒருத்தன் கை என்றுதான் நான் சொல்லியிருந்தேன், சஜி கை என்று சொல்லவில்லை.

ஒரு ரப்பர் மரத் துண்டை எடுத்து வைத்து, பொறுமையாகவே சொல்லிக்கொடுத்தேன். அவள் இடது கையைப் பிடித்து, எங்கே ஊன்ற வேண்டுமோ அங்கே வைத்தேன்.

"வெட்டி முடிஞ்சதும் பிளேட பாக்க வேண்டாம் மக்களே. கார்டு தானா வந்து மூடிக்கிடும். கண்ணு அடுத்த கோட்டுல இருக்கட்டும். வெட்டுன துண்ட அப்படியே இழுத்து எடுத்தா வேல வெரசா நடக்கும்."

இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்கும் நான் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. பிளேடு நிற்கிறவரைக்கும் கையை நீட்டாதே என்றுதான் சொல்வேன்.

"பிளேட பாக்கண்டாம். கண்ணு அடுத்த கோட்டுல" என்று பாடம் மாதிரி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மூன்று தடவை வெட்டிக் காட்டச் சொன்னேன். மூன்றும் சுத்தமாக வந்தது. "அண்ணாச்சிட்ட கேட்டது நல்லதாச்சு" என்று சொல்லி, மெஷினை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். கயிறு போதாமல் நான்தான் கயிறு கொடுத்தேன்.

திங்கள்கிழமை முற்பகல், கழக்கூட்டத்து ஃபிளாட்டில், ஆறாவது மாடியில். ஷாலுவுக்கு இடது கையில் நாலு விரல் போயிற்று. கட்டை விரல் மட்டும் மிச்சம். ஒன்றையாவது ஒட்ட முடியுமா என்று டாக்டர்கள் பார்த்தார்கள், நடக்கவில்லை.

செய்தி வந்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சஜி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். "அண்ணாச்சி அன்னைக்கே சொன்னிய. எனக்கு அது வெளையாட்டாப் போச்சு. நான் கேக்கல, நான் கேக்கல" என்றான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். "விடு மக்கா, மெஷின் அப்படி" என்றேன். அவன் அழுகை எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டானே என்று மனசு ஆறியது. வீட்டுக்குப் போய், எட்டாம் மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

குரூப்பில் நான் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. 'இனியாவது பிராண்ட் பார்த்து வாங்குங்கள்' என்று ஒரே ஒரு வரி போட்டேன். எண்பது பேர் கும்பிடுகிற படம் போட்டார்கள். ஸோர்விக் வாங்கிய மூன்று பேரும் அந்த வாரமே என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

சஜியின் அப்பா தாசையன் கிழவனை நான் மறந்துவிட்டேன். அவரும் பழைய மரவேலைக்காரர். அழுதுகொண்டு உட்காராமல், மெஷினைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். புது மெஷினுக்குள் துருப்பிடித்த ஸ்பிரிங். என் கடைக்கு வந்தார். பக்கெட்டைக் குனிந்து பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நேரே இங்கே வந்துவிட்டார்.

ஷாலு கொடுத்த வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். 'அண்ணாச்சி சொல்லித் தந்த மாதிரிதான் செய்தேன், நான் எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை, அண்ணாச்சியைக் கேட்டால் சொல்வார்' என்று இருந்தது. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள். அதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்பிரிங்கை மாற்றியது நான். ஷாலுதான் வெட்டுவாள் என்று தெரிந்தே மெஷினைக் கொடுத்தவன் நான். கண்ணை எடுக்கச் சொன்னதும், கையைப் பிடித்து வைத்ததும் நான்தான். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றையும் மறுக்க மாட்டேன். ஆனால் ஸோர்விக் கம்பெனியிலிருந்து வந்த ஆள் கொடுத்த ரிப்போர்ட்டில் மெஷினில் குறை இல்லை என்று ஒரு வரி இருக்கிறது பாருங்கள், அதை அடித்துவிடச் சொல்லுங்கள், மேடம். வருஷம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருக்கும்போதே அது கையை எடுத்துவிட்டது. அண்ணாச்சி சொன்னது சரிதான் என்று அந்த இடத்தில் எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன்.