முன்னாலிருந்து மூன்றாவது பல்

— ஆறு பத்துக்கு அலாரம். எழுந்திருப்பேன். காபி மெஷினைப் போடுவேன். பூனைக்குச் சாப்பாடு வைப்பேன். ஒரு துண்டு ரொட்டி, வெண்ணெய். பல் தேய்ப்பேன். ஆறு அம்பதுக்கு வண்டியை எடுப்பேன்.

— லோரென்ஸ், வண்டி எந்த இடத்துல உதறுதுன்னு கேட்டேன். நீ பூனைக்குச் சாப்பாடு வெச்சிட்டு இருக்க.

— வரிசையாத்தான் சொல்ல வருது, பூர்கி. வீட்டு வாசல்ல முதல் கியர். உதறல் இல்ல. பேக்கரி முக்குல ரெண்டாவது. உதறல் இல்ல. சர்ச் மேட்டுல ரெண்டுலேர்ந்து மூணுக்குப் போறப்ப…

— உதறுது.

— உதறுது. அப்புறம் எட்டாவது வரைக்கும் உதறிட்டேதான் போகும்.

— தானா கியர் மாத்திக்கற வண்டி. ஓட்டறவன் சும்மா உட்கார்ந்திருந்தா போதும். எத்தனை நாளா இப்படி?

— ஆறு மாசமா.

— ஆறு மாசம்! ஆலையில கியர்பாக்ஸுக்குப் புரோகிராம் எழுதற, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கின டாக்டர், சொந்த வண்டியை ஆறு மாசம் குதிரை மாதிரி ஓட்டிட்டு, கடைசியில என் பட்டறைக்கு வந்து நிக்கிறாரு. இதைச் சொன்னா இந்த ஊர்ல எனக்கு ஒரு வருஷம் பியர் இலவசம்.

— சொல்லாதீங்க.

— பார்க்கலாம். இறங்கு, நான் உள்ள உட்காரணும்.

— வேணாம். நான் இப்படியே இருக்கேன். நீங்க அந்தப் பக்கத்துலேர்ந்து லேப்டாப்பை மாட்டுங்க.

— வயர் மாட்டற இடம் ஸ்டீரிங்குக்குக் கீழ இருக்கு. உன் முட்டியத் தாண்டி எங்கய்யா கைய விடறது? ரெண்டு மீட்டர் ஆளு, மடக்குக் கத்தி மாதிரி உட்கார்ந்திருக்க. கொஞ்சம் காலை நகர்த்து… இன்னும்…

— இதுக்கு மேல நகராது.

— தெரியுது. சரி, மாட்டியாச்சு. மூச்சு விடலாம்.

— ஆயில் பழசாயிருக்கும். அதை மாத்திடுங்க.

— ஆயிலா? உங்க கையேட்டுல என்ன போட்டிருக்கு? ‘ஆயுள் முழுக்க மாத்த வேண்டியதில்லை.’ நாங்க அதைப் படிச்சுட்டு சிரிப்போம். யாரோட ஆயுள்னு… மன்னிச்சுக்க. வாய் முந்திக்கிச்சு.

— பரவால்ல. ரீக்கேவும் இதையேதான் சொல்வா. ஆலையில என்கூட வேலை பார்க்கறவங்க முன்னாலயே சொல்லியிருக்கா.

— உன் பெண்டாட்டி என்கிட்டேர்ந்து திருடினது அது. ஒவ்வொரு ஏப்ரலும் பனிக்கால டயரை மாத்த வருவா, போறப்ப என் ஜோக்கு ஒண்ணு காணாமப் போயிருக்கும். இந்த ஏப்ரல்ல ஜோக்கெல்லாம் அப்படியே மிச்சமா கெடக்கு.

— ம்.

— ஆயில் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னால அவ கொண்டுவந்தப்ப நானே மாத்தினேன். அழுத்தம் சரி. சூடு சரி. வேற என்ன?

— அது கத்துக்கிட்டதை அழிச்சுப் பார்க்கலாம். கியர்பாக்ஸ் ஓட்டறவங்க பழக்கத்தைக் கத்துக்கும் இல்லையா. நாலு வருஷம் அவ ஓட்டினா. இப்ப என் காலு அதுக்கு ஒத்துப்போகல.

— யாரோட பழக்கமா இருந்தாலும் இருபது நிமிஷத்துல மறந்துடும். புது ஆளு உட்கார்ந்தா புதுசாக் கத்துக்கும். தேய்மானத்தைத்தான் அது விடாம ஞாபகம் வெச்சுக்கும். இதை எனக்குப் பயிற்சி வகுப்புல சொல்லிக்கொடுத்தது யாரு தெரியுமா?

— …நான்.

— நீ. கண்ணாடி போட்டுக்கிட்டு, பலகையில படம் வரைஞ்சு. அந்தப் படத்தை நான் இன்னும் வெச்சிருக்கேன். பொய் சொல்லணும்னா பேக்கரிக்காரன்கிட்ட போய்ச் சொல்லு.

— வேற ஏதாவது இருக்கும். பாருங்க.

— பார்த்துட்டேதான் இருக்கேன். நேத்து வரைக்கும் பதிவாயிருக்கு. இதோ திரையில, பெடலை நீ அழுத்தின கோடு. எங்க அத்தை தையல் மெஷின் கூட இப்படிக் குதிக்காது. மிதிக்கிற, விடற, மிதிக்கிற, விடற. மூணாவது போடறதா, ரெண்டுக்கே திரும்பறதான்னு அது முழிக்குது. கியர்பாக்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல, டாக்டரே.

— அப்ப?

— உன் முட்டி ஸ்டீரிங்ல இடிக்குது. கால் மடங்கித் தொங்குது. குதிகால் தரையில படல. குழிக்குக் குழி பாதம் ஆடுது. சீட்டைப் பின்னால தள்ளு. எல்லாம் சரியாயிடும்.

— கியர்பாக்ஸை மாத்திடுங்க.

— என்னது?

— புதுசு போடுங்க.

— சீட்டை ஒரு சாண் தள்ளறதுக்குப் பதிலா, ஆறாயிரம் யூரோவுக்குக் கியர்பாக்ஸ்.

— எங்களுக்குத் தள்ளுபடி உண்டு.

— லோரென்ஸ், உன் வீட்டுலயும் லேப்டாப் இருக்கு. இதே வயரும் இருக்கு. இந்தக் கோட்டை நீ ஏற்கெனவே பார்த்திருக்க.

— ஏப்ரல்ல பார்த்தேன்.

— இப்ப செப்டம்பர்.

— வேற காரணம் ஏதாவது இருக்கும்னு நினைச்சேன். நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு.

— ஆறு மாசம் வராதவன் இன்னிக்கு ஏன் வந்த? நேத்து என்ன ஆச்சு?

— பள்ளிக்கூடத்துக்கு முன்னால ஒரு அம்மா குழந்தை வண்டியோட ரோட்டைத் தாண்டினாங்க. நான் மெதுவாத்தான் வந்தேன். வண்டி ஒரு துள்ளு துள்ளிச்சு. ஒரு முழம் இருக்கறப்ப நின்னுது.

— திட்டினாங்களா?

— இல்ல. சிரிச்சாங்க. பரவால்லன்னு கையாட்டினாங்க.

— அப்ப கேட்டுக்க. சீட்டு நகர்ற வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கும். பஸ்ஸுல போய்ட்டு வா.

— பஸ்ஸுல கால் நீட்டலாம்.

— இங்கயும் நீட்டலாம், அதைத்தானே கத்தறேன். அவ என்கிட்ட எத்தனை தடவை புலம்பியிருக்கா. ‘பூர்கி, அவன் ஓட்டினா சீட்டைக் கடைசி வரைக்கும் தள்ளிட்டு அப்படியே விட்டுடறான், காலையில என் கால் பெடலுக்கே எட்ட மாட்டேங்குது’ன்னு. அந்த ஆளு எங்க போனான்? சரி. ஒண்ணு செய்யலாம். சீட்டு நகர்ற இந்தத் தண்டவாளத்துல பல்லு பல்லா இருக்கு. அவ இடம் எதுன்னு குறி போட்டு வெச்சுடறேன். எப்ப வேணும்னாலும் அங்கயே கொண்டுவந்து வெச்சுக்கலாம். இரு, குனிஞ்சு எண்ணறேன். முன்னாலேர்ந்து…

— மூணாவது.

— எண்ணி வெச்சிருக்கியா?

— ம்.

— மூணேதான். மஞ்சள் பெயிண்டு, கழுவினாலும் போகாது. போட்டாச்சு. லீவரை இழு.

— …

— இழுக்கச் சொன்னேன். மந்திரம் சொல்லச் சொல்லல.

— இருங்க.

— இருக்கேன். எனக்கு மத்தியானம் வரைக்கும் வேற வண்டி இல்ல.

— …

— டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே.

— ஒரு பல்லு.

— இன்னும் ஆறு இருக்கு.

— நாளைக்கு ஒண்ணு.

— ஆறு நாள் பஸ்ஸு. எட்டு கியர் வண்டிக்கு ஏத்த ஆளுய்யா நீ. ஒவ்வொண்ணாத்தான் போவியா?

— வேகமாப் போனா உதறுது.

— …லோரென்ஸ், ஒண்ணு கேட்கட்டுமா? அடக்கம் முடிஞ்சு சாப்பிட உட்கார்ந்தப்ப அவ அம்மா கேட்டாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிவிட்டப்ப கடைசியா என்ன சொன்னாள்னு. நீ ‘ஒண்ணும் சொல்லல’ன்னுட்டு சூப்பைக் கிண்டிட்டு இருந்த. நான் எதிர்லதான் இருந்தேன்.

— நம்பலையா?

— டயர் மாத்தறதுக்குள்ள ஒரு மணி நேரம் பேசறவ, ஒண்ணும் சொல்லாம இறங்கிப் போனாளா?

— சொன்னா. அவங்கம்மாகிட்ட சொல்ற மாதிரி இல்ல.

— என்கிட்ட சொல்ற மாதிரி இருக்கா?

— சின்ன ஆபரேஷன், ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்னுதான் சொல்லியிருந்தாங்க. அன்னிக்கும் நான் இதே மாதிரி மடங்கி உட்கார்ந்துதான் ஓட்டிட்டுப் போனேன், அவ சீட்டைத் தள்ள விடல. இறங்கி, கதவைச் சாத்திட்டு, நாலு அடி போனா. திரும்ப வந்து கண்ணாடியத் தட்டினா. இறக்கினேன்.

— என்ன சொன்னா?

— ‘சீட்டைத் தொட்டே, கொன்னுடுவேன். வியாழக்கிழமை நான்தான் ஓட்டுவேன்.’