மூணாவது வாளி

கேமராக்காரி: ...அதெல்லாம் இருக்கட்டும். இந்த ஊர்ல ஏன் ரெண்டு சிவப்பு வாளி?

ஓவியக்காரி: எந்த ஊர்ல?

கேமராக்காரி: நடிக்காதே. நீ வரைஞ்ச ஊர்லதான். எந்தக் கார்ட்டூன் படமா இருந்தாலும் ஒரு மொட்டை மாடியில ஒரே ஒரு வாளி வைப்பே. அதுதான் உன் கையெழுத்து. இங்க முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.

ஓவியக்காரி: பின்னாடியா... நீ எதுக்குடி பின்னாடி போனே?

கேமராக்காரி: நான் எங்க போனேன்? கேமராவைத் திருப்பினேன். நாலு மணிக்கு டைரக்டர் வர்றார். அணில் மதில் மேல முழுசா ஒரு சுத்து ஓடணுமாம்.

ஓவியக்காரி: முழு சுத்தா... முன்பக்கம் மட்டும்தான் தெரியும்னு நீதானே சொன்னே.

கேமராக்காரி: ஊரை நீளமா ஒரே படமா வரைஞ்சு, வளையமா மாட்டி, நடுவுல கேமராவை வைக்கிறோம். அது என்ன, ஆணி அடிச்சா வெச்சிருக்கு? எப்ப வேணா திரும்பும்.

ஓவியக்காரி: திரும்பட்டுமே. பின்பக்கமும் வரைஞ்சுதான் இருக்கு.

கேமராக்காரி: வரைஞ்சிருக்கா? முன்பக்கத்தையே இடம் வலமா புரட்டி ஒட்டியிருக்கே.

ஓவியக்காரி: யாரு சொன்னா?

கேமராக்காரி: பேக்கரி போர்டு சொல்லுது. எழுத்தெல்லாம் கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்கு. மணிக்கூண்டுல முன்னாடி ஒன்பது, பின்னாடி மூணு. அணில் அரை சுத்து ஓடறதுக்குள்ள ஆறு மணி நேரம் போயிடுது.

ஓவியக்காரி: பாவம், களைச்சுப் போயிருக்கும்.

கேமராக்காரி: சிரிக்காதே. பின்பக்கமும் முடிச்சாச்சுன்னு மீட்டிங்ல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னியே.

ஓவியக்காரி: பல்லு வலிடி. புதன்கிழமை லீவு கூட போட்டேனே.

கேமராக்காரி: எந்தப் பக்கப் பல்லு?

ஓவியக்காரி: இடது.

கேமராக்காரி: அன்னிக்கு வலதுன்னே.

ஓவியக்காரி: அதையும் புரட்டி ஒட்டிட்டேன்னு வெச்சுக்கோ. நீ மட்டும் என்ன... வெள்ளிக்கிழமை அக்கா பொண்ணு கல்யாணம்னு போனே. ஒரு போட்டோ காட்டினியா?

கேமராக்காரி: பேச்சை மாத்தாதே.

ஓவியக்காரி: ...சரி. டைரக்டர்கிட்ட சொல்லிடாதே. பின்பக்கத்தை நிஜமாவே வரைஞ்சேன். வீட்ல உக்காந்து, என் சொந்த நேரத்துல. ரொம்ப நல்லா வந்துச்சு. இங்க குடுக்க மனசு வரல.

கேமராக்காரி: அப்புறம்?

ஓவியக்காரி: பாலத்துக்கு அந்தப் பக்கம் புது ஸ்டூடியோ வந்திருக்கே... ஆள் எடுக்கறாங்க. புதன்கிழமை அங்க கொண்டுபோய்க் குடுத்துட்டேன்.

கேமராக்காரி: ஏழு படம் சேர்ந்து பண்ணியிருக்கோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணல?

ஓவியக்காரி: டீ குடிக்கறப்ப எல்லாம் சொல்ல வந்தேன். உன் மூஞ்சியப் பாத்தா வாய் வரல. உன்னை விட்டுட்டுப் போறோமேன்னு அழுகை அழுகையா வந்துச்சு, போதுமா? நாலு மணிக்கு எப்படியும் மானம் போகப் போகுது. நீயும் திட்டிக்கோ.

கேமராக்காரி: மானம் எல்லாம் போகாது. டைரக்டர் வரல.

ஓவியக்காரி: என்னது?

கேமராக்காரி: முழு சுத்தும் கிடையாது. அணில் நேராத்தான் ஓடுது.

ஓவியக்காரி: அடிப்பாவி... அப்ப கேமராவை எதுக்குத் திருப்பினே?

கேமராக்காரி: வெள்ளிக்கிழமை நான் கல்யாணத்துக்குப் போகலடி. பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் போனேன். கையில ஒரு ஊரைக் குடுத்து, கேமராவைச் சுத்திக் காட்டுன்னாங்க. சுத்தினேன்... மொட்டை மாடியில ஒரு சிவப்பு வாளி.