பியானோ கொஞ்சம் தாமதமாக வரும்

பழைய லேப்டாப்பை யாரும் திட்டக் கூடாது என்பது என் கொள்கை. ஒன்பது வருடம் உழைத்தால் நீங்களும் நானும்கூட மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கத்தான் செய்வோம். அந்த நேரம் பார்த்து ஒருவர் நம் தலையில் ஒரு பியானோவையும் நாலு வயலினையும் தூக்கி வைத்தால் முனகாமல் என்ன செய்வோம்?

என் மனைவி அதைத்தான் செய்தாள். பகலில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பாளர். மாலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து, பக்கத்தில் கீபோர்டை வைத்து வாசிப்பாள். அந்தக் கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. வெறும் கட்டைகள். எந்தக் கட்டையை எவ்வளவு அழுத்தினாள் என்று லேப்டாப்பிடம் சொல்லும். உள்ளே இருக்கும் மென்பொருள் பியானோவாகவோ வயலினாகவோ பாடும். அவள் கேட்பது எல்லாம் லேப்டாப் வழியாகத்தான். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் நான் செய்த மாற்றங்களை ஒன்று விடாமல் எழுதித் தரும்படி அவள் போன வாரம் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். பதினோரு வரிகள். லேப்டாப் பையின் உள்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறாள். அந்தத் தாளில் காரணம் எழுத இடமில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

தொந்தரவு ஆரம்பித்தது ஒரு சாதாரண மாலையில். இரண்டு கையையும் வைத்து அழுத்தினால் ஸ்பீக்கரில் படபடவென்று சத்தம்.

"ஏங்க, நான் பியானோ வாசிக்கிறேன், இது சோளம் பொரிக்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

முந்நூறு கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தில் பராமரிப்பு வேலை என்னுடையது. வீட்டில் ஒன்றே ஒன்று எம்மாத்திரம்? வாசிக்கும்போது வைஃபையை அணைக்கச் சொன்னேன். பின்னால் திறந்து கிடந்த இருபத்திரண்டு இணையப் பக்கங்களை மூடினேன். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பை மாற்றி முழு வேகத்தில் ஓட விட்டேன். அடிப்பக்க மூடியைக் கழற்றி விசிறியைத் துடைத்தபோது ஒரு பூனைக்குட்டி செய்யும் அளவுக்குத் தூசி வந்தது. பொரிச்சல் நின்றது.

"டாக்டரே, ஃபீஸ் எவ்வளவு?" என்றாள்.

"உங்க பல் டாக்டரைவிடக் கம்மி."

நாங்கள் சிரிக்கிற வீடு. அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு என் மச்சினி வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறாள்.

அடுத்த மாதம் ஒரு நாடகக் குழுவின் இயக்குநர் போன் செய்தார். மேடையோரம் உட்கார்ந்து நேரடியாக வாசிக்க ஆள் தேவை. ஆறு வாரம் கழித்துத் தேர்வு. குழுவின் டிரம்ஸ்காரரோடு சேர்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் ஊர் ஊராக எட்டு மாதம். போனை வைத்துவிட்டு அவள் சமையலறைக்கும் வாசலுக்கும் நாலு முறை நடந்தாள்.

"எட்டு மாசம் சமாளிச்சுக்குவீங்கல்ல?"

"தாராளமா."

மனதாரத்தான் சொன்னேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்காக அவள் இன்னும் கனமான வாத்தியங்களை ஏற்றினாள். மறுபடி பொரிச்சல். இந்த முறை கை வைக்க வேண்டிய இடம் பஃபர். அதை ஒரு வாளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் சத்தத்தைத் தயாரித்து வாளியில் நிரப்பும். நிரம்பியதும் ஸ்பீக்கருக்கு ஊற்றும். வாளி சின்னதாக இருந்தால் சத்தம் உடனே வரும், ஆனால் கிழட்டு இயந்திரம் ஓடி ஓடி நிரப்ப முடியாமல் இடையில் வறண்டுபோகும். அந்த வறட்சிதான் பொரிச்சல். வாளி பெரிதானால் பொரிச்சல் போய்விடும். நிரம்ப நேரமாவதால் சத்தம் ஒரு கணம் பிந்தி வரும். அளவு 256 இருந்தது. 512 ஆக்கினேன். இந்த வேலை தெரிந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவள் ஒரு நிமிடம் வாசித்துவிட்டு நிறுத்தினாள். "பொரிச்சல் போயிடுச்சு. ஆனா ஏதோ இழுக்குற மாதிரி இருக்கே?"

இங்கே நான் வாளியைப் பற்றி விளக்கியிருக்கலாம். கையில் திருப்புளி இருந்தது, எதிரே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, விளக்கம் நீளம். "விரல் அசந்திருக்கும். நாள் பூரா டைப் அடிக்கிறியே," என்றேன்.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது. கல்யாணமான புதிதில் எதையாவது கேட்க வருகிறபோது இப்படித்தான் பார்ப்பாள். அன்று மாலை வாசிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு 768. அதற்கடுத்து 1024. வாராவாரம் விசிறியைத் துடைக்கும்போது அதையும் ஒரு படி ஏற்றிவிடுவேன். ஒரேயடியாக ஏற்றினால் கண்டுபிடித்துவிடுவாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் மனிதர்கள் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். இது என் அலுவலக அனுபவம். தெரியாமல் எதையாவது தட்டிவிடக் கூடாதே என்று வாளியின் அளவை மாற்றும் அமைப்புப் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டேன். பாதுகாப்புக்காக.

டிக் டிக்கென்று தனியாக அடிக்கும் ஒரு தாளக்கருவியை ஓடவிட்டு அவள் அதோடு வாசிப்பாள். தாளம் ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம். பிந்துகிறோம் என்று நினைத்து முந்தப் பார்ப்பாள். பிறகு எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் நிற்பாள். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்காருவாள். எலும்பு டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். அவர் எல்லா விரலையும் மடக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்ததும் அவள், "அப்ப கை நல்லாத்தான் இருக்கு. என் தலையிலதான் ஏதோ போச்சு," என்றாள். நான் கைப்பையை வாங்கிக்கொண்டேன், வெயில் அதிகமாக இருந்ததால் குடையும் பிடித்தேன்.

ஐந்தாவது வாரம் 2048. தேர்வுக்கு வரவில்லை என்று இயக்குநருக்குச் செய்தி அனுப்ப அவளுக்குக் கை ஓடவில்லை. நான் அடித்துக் கொடுத்தேன். அனுப்பும் பொத்தானை அவளேதான் அழுத்தினாள். முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும் என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

அதன்பிறகு வந்த இரண்டு வாரமும் அருமையானவை. எதிர்வீட்டுக்காரர்கூட, "என்ன சார், முகத்துல களை கட்டுது?" என்று கேட்டார்.

பிறகு மச்சினி வந்தாள். செருப்புக் கடையில் வேலை. சங்கீதம் என்றால் சுவரில் மாட்டுகிற சாமானா என்று கேட்கிற ரகம். மேஜையில் துணி மூடிக் கிடந்த கீபோர்டைத் திறந்து, ஒற்றை விரலால் டொக்கு டொக்கென்று தட்டினாள்.

"அக்கா, நான் விரலை எடுத்தப்புறம் சத்தம் வருது. உன் கம்ப்யூட்டர் என்ன கொட்டாவி விட்டுட்டு வேலை செய்யுதா?"

சமையலறையிலிருந்து நான், "உனக்கும் அக்கா வியாதியா?" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மேஜையில வியாதி வருமா மாமா? ஒட்டுவாரொட்டியா?"

என் மனைவி ஒரு கரண்டியை எடுத்தாள். தாளக்கருவியை ஓடவிட்டாள். கரண்டியால் மேஜையின் விளிம்பில் தட்டினாள். முப்பது தட்டு. ஒன்றுகூடப் பிசகவில்லை. நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே எண்ணினேன்.

பிறகு அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். பாஸ்வேர்ட் கேட்டது. எங்கள் கல்யாண நாளை அடித்தாள். முதல் முயற்சியிலேயே திறந்துகொண்டது. அவள் என்னை நன்றாகப் புரிந்தவள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2048 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் வழக்கமான அளவு என்று போட்டிருந்த 256-க்கு மாற்றினாள். வாசித்தாள். வீடே பொரிந்தது. ஆனால் ஒவ்வொரு சுரமும் விரலோடு வந்தது. பொரிச்சலோடேயே அரை மணி நேரம் வாசித்தாள். மச்சினி அழுதாள், எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏன்?" என்று ஒரே ஒரு வார்த்தை என்னிடம் கேட்டாள் மனைவி.

"பொரிச்சல் உனக்குப் பிடிக்கலையே," என்றேன். உண்மைதானே.

அவளுக்குப் பதில் இயக்குநர் எடுத்திருந்த ஆளுக்கு டிரம்ஸ்காரரோடு ஒத்துவரவில்லையாம். "உடனே வாங்கம்மா," என்றார் போனில். போனாள், வாசித்தாள், தேறினாள். நாளை காலை பஸ். பெட்டியைக் கட்டிவிட்டாள். என்னிடம் கோபமாகப் பேசவில்லை. அந்தத் தாளை மட்டும் கேட்டாள்.

நானும் மனசு வைத்து வேலை பார்த்தேன். வயலின்களை முன்கூட்டியே ஒலியாகப் பதிந்து வைத்தேன். இனி லேப்டாப் அவற்றை அந்தந்த நேரத்தில் தயாரிக்க வேண்டியதில்லை. எதிரொலி சேர்க்கும் கனமான மென்பொருளுக்குப் பதில் இலகுவான ஒன்று. ஒலியைக் கவனிக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன். இப்போது 256-இலேயே பொரிச்சல் இல்லை. வாசித்துக் காட்டச் சொன்னேன். கண்ணாடி மாதிரி வந்தது. அவள் முகத்தில் ஒரு கணம் அந்தப் பழைய டாக்டர்-ஃபீஸ் சிரிப்பு வந்து போனது. அதைப் பார்த்தபோது நான் செய்தது எதுவும் வீண்போகவில்லை என்று தோன்றியது.

ஆம், அவள் கையில் குறையில்லை என்று தெரிந்தே, ஐந்து வாரம் அவளை நம்பவைத்தேன். மறுக்கவில்லை. தாளில் ஏழாவது வரி அதுதான்: "பஃபர், 256-லிருந்து 2048 வரை, என்னால்." கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பன்னிரண்டாவது மாற்றம் ஒன்று இருக்கிறது. தாளில் இடம் போதவில்லை. தொலைவிலிருந்தபடியே ஒரு கணினியைத் திறந்து சரிசெய்யும் மென்பொருள்; அலுவலகத்தில் தினமும் பயன்படுத்துவதுதான். வாசிக்கும்போது வைஃபை அணைந்திருக்கும், அப்போது என்னால் எதுவும் செய்ய முடியாது. மாலையில் தங்கச்சியோடு வீடியோவில் பேச லேப்டாப்பைத் திறப்பாளே, அந்த ஐந்து நிமிடம் எனக்குப் போதும். அவசியம் இல்லாமல் தொடமாட்டேன். எட்டு மாதம் நீண்ட காலம். அவளுக்கு எப்போது அசதி வரும் என்று அவளைவிட எனக்குத்தான் தெரியும்.