முட்டுக்குள் பாம்பு

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. அத்திப்பட்டில் ஒரு கிடங்கின் பின்னறைக்கு மேல்தளம் போட்டு, முட்டுப் பிரிக்க நின்ற நாளில் மூன்று பேர் பேசியதைச் சொல்கிறேன். மொஹ்சின் கலவை லாரி ஓட்டுகிறவன். சிவந்தி அந்தக் கலவையை வாங்கித் தளத்தில் பரப்புகிற பெண்களுக்கு மேஸ்திரி. ஜெனிஷ் நாகர்கோவில்காரன், ஈரத் தளம் இறுகும்வரை கீழே இரும்பு முட்டுக் கொடுத்துத் தாங்குகிறவன். இனி அவர்கள் பேச்சுதான். நான் குறுக்கே வரமாட்டேன்.

மொஹ்சின்: ...அத்த வுடுக்கா. முட்டு பிரிச்சாச்சா, அத்த மட்டும் சொல்லு.

சிவந்தி: இன்னாடா, லோடு இல்லாம வெறும் லாரியோட வந்து நின்னுகினு முட்டப் பத்திக் கேக்குற?

மொஹ்சின்: பிரிச்சாச்சா?

சிவந்தி: இல்ல. உள்ள பாம்பு பூந்துக்கிச்சு. காலைலேர்ந்து பொண்ணுங்க ஒருத்தியும் அந்தப் பக்கம் போவல.

மொஹ்சின்: அல்ஹம்துலில்லா.

சிவந்தி: பாம்புன்னா சந்தோசப்படுற மொத ஆளு நீதான்.

மொஹ்சின்: இல்லக்கா... சும்மா வாயில வந்துச்சு.

சிவந்தி: மூஞ்சி ஏன் சுண்ணாம்பு மாதிரி கீது? உம் பொண்டாட்டி ரூஹி சோறு போடலியா?

மொஹ்சின்: இந்த முட்ட இன்னும் கொஞ்ச நாளு அப்டியே வுட்டா இன்னா?

சிவந்தி: ஜெனிஷு வுடுவானா? அவனுக்கு அடுத்த வேலைக்கு இரும்பு வோணும். ஓனருக்கு மூட்டை அடுக்க எடம் வோணும். உனக்கு இன்னா வந்துச்சு?

மொஹ்சின்: சாம்பல் சிமெண்ட்டு இல்லியா... மெதுவாத்தான் இறுகும்.

சிவந்தி: எனக்கே பாடமா? பவர் ஹவுஸ் சாம்பலு எங்க கொடியில காயற துணில கீது, கொயம்புல கீது, இப்ப சிமெண்ட்டுலயும் கீது. மெதுவா இறுகும், அப்பால கல்லு மாதிரி நிக்கும். இத்தினி வருசமா போட்டுகினுதான கீறோம்.

மொஹ்சின்: ம்.

சிவந்தி: இன்னா ம்? எத்தயோ முழுங்குற நீ.

மொஹ்சின்: உள்ள யாரும் இல்லியே?

சிவந்தி: மொதல்ல லாரிய ஓரங்கட்டு.

மொஹ்சின்: அக்கா.

சிவந்தி: ஜெனிஷு கீறான்.

மொஹ்சின்: பாம்பு கீதுன்ன?

சிவந்தி: நானே புடிக்கிறேன்னு டார்ச்சு எடுத்துகினு பூந்துட்டான். கையப் புடிச்சி இழுத்தேன், கேக்கல.

மொஹ்சின்: அது இன்னா சத்தம்... டொக்கு டொக்குன்னு? முட்டத் தட்றானா?

சிவந்தி: ஏ ஜெனிஷு, உள்ள இன்னா பண்ற?

ஜெனிஷ்: பாம்ப வெரட்டுதேன்க்கா. நீங்க கிட்ட வராதீங்க.

சிவந்தி: முட்டுல கைய வெக்காத. வெளிய வா.

ஜெனிஷ்: இந்தா... வந்துட்டேன்.

மொஹ்சின்: அவன வெளிய இட்டாக்கா. நான் ஒண்ணு சொல்லணும்... ஓனராண்ட போவக் கூடாது. வேல பூடும்.

சிவந்தி: சொல்லித் தொல.

மொஹ்சின்: தளம் போட்ட அன்னிக்கு மணலி ரோட்ல கண்டெய்னர் லாரிங்க நடுவுல மாட்டிகினேன் இல்ல? நகரவே இல்ல. டிரம்முல கலவை உருள்ற சத்தமே மாறிப்போச்சு. உள்ள இறுகிச்சுன்னா நான்தான் எறங்கி உளியால கொத்தணும். பயந்துகினு, இந்தக் கெடங்கு கேட்டாண்ட வந்ததும் லாரில வெச்சிருந்த மருந்து கேன எடுத்து... கொஞ்சமாத்தான் ஊத்தணும். முழுசா கவுத்துட்டேன்.

சிவந்தி: எந்த மருந்து?

மொஹ்சின்: கலவைய இளக்குமே, அதான். அளவா போட்டா சாம்பல் கலவைக்கு நல்லது, தண்ணி கம்மியா போதும், தளம் உறுதியா நிக்கும். மிஞ்சிப் போச்சுன்னா இறுகவே வுடாதாம். நேத்து கலவை பிளான்ட்டுல அந்த மருந்துக் கம்பெனி ஆளு வந்து சொன்னாரு. கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமில்ல.

சிவந்தி: முழு கேனா...

மொஹ்சின்: திட்டுக்கா.

சிவந்தி: எந்த வாயால திட்றது. நீ டிரம்ம சுத்தவுட்டு டீ குடிக்கப் போன பாரு... நானும் எங்காண்ட இருந்த அதே மருந்த ஒரு கேன் ஊத்துனேன்.

மொஹ்சின்: யா அல்லா.

சிவந்தி: இந்தக் கலவை பசை மாதிரி பம்பு பைப்புல அடைச்சிக்கும்டா. அடைச்சா என் பொண்ணுங்கதான் பைப்பக் கழட்டி நோண்டணும். எங்கூட வேல செய்ற பச்சையம்மா வெரலு அப்டித்தான் போச்சு. அத்த நெனச்சி ஊத்துனேன். நீ ஊத்துனது எனக்கு இன்னா தெரியும்?

மொஹ்சின்: அப்ப தளம்?

சிவந்தி: நேத்து மேல தண்ணி வுடப் போனேன். ஆணியால கீறிப் பாத்தேன். சோப்புல கீறுன மாதிரி இறங்குது. அதான் பாம்பு.

மொஹ்சின்: எது பாம்பு?

சிவந்தி: பாம்பே இல்லடா. முட்டாண்ட யாரும் போவக் கூடாதுன்னு நாந்தான் கெளப்பி வுட்டேன். அது அவனையே உள்ள இட்டுகினு போயிடுச்சு.

மொஹ்சின்: மறுபடி தட்றான்க்கா.

சிவந்தி: வேல போனா போவுது. ஜெனிஷு, நல்லா கேட்டுக்க. பாம்பு இல்ல, நான் சொன்னது பொய்யி. தளம் இன்னும் இறுகல. மருந்த ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஊத்திட்டோம், நானும் மொஹ்சினும். முட்ட வுட்டுட்டு வெளிய வா, ராசா.

மொஹ்சின்: தட்ற சத்தம் நின்னுபோச்சு.

சிவந்தி: ஜெனிஷு.

மொஹ்சின்: நான் போறேன் உள்ள.

சிவந்தி: நில்லு, நில்லு... காலு தெரியுது. வரான்.

மொஹ்சின்: ஓடியாயேம்பா. இன்னாத்துக்குப் பூனை மாதிரி வர?

சிவந்தி: வந்துட்டியா... இப்டி குந்து. தண்ணி குடி. முட்டத்தான பிரிச்சிகினு இருந்த? உண்மைய சொல்லு.

ஜெனிஷ்: பிரிக்கல்லக்கா... வச்சிட்டிருந்தேன். நடு வரிசைல முட்டே கிடையாது. சாத்தாங்காட்டு வேலைக்கு அவசரம்னு விடியுமுன்ன நாந்தான் கழட்டி ஏத்தி விட்டேன். தளம் நின்னுக்கிடும்னு நெனச்சேன். நீங்க பாம்புன்னதும், இனி ஒருத்தரும் வந்து பாக்க மாட்டாவன்னு சந்தோசம் எனக்கு... அதான் தனியா பூந்து, பழைய மரத்த வச்சு நிமித்திரலாம்னு பாத்தேன். நிக்கல்லக்கா. வைக்க வைக்க, தளம் அமுக்கி மரம் ஒவ்வொண்ணா வளையுது.

பயப்படாதீர்கள், கண்ணுகளா, மூன்று பேரும் வெளியேதான் நின்றார்கள். உங்கள் வீட்டில் தலைக்கு மேல் இருப்பது நிலைத்து நிற்கட்டும். அதன் கீழே படுக்கிற அத்தனை பேரும் காலையில் எழுந்து முகம் கழுவட்டும்.