பட்டுத் தேசத்து ஆள்

கேட்டீங்களா பெத்ரோனியாம்மா? கூடையோட போறாளே, அவ சொல்லிட்டுப் போறா, எங்க வீட்ல தண்ணி சுமக்குற செர்மானியன் மாதிரியே இருக்கான்னு. அவ கெடக்கா. இவன் கழுத்துல தொங்குற பலகையைப் பாருங்க. சேரெஸ்னு எழுதியிருக்கா இல்லையா? அடிமைச் சந்தையில பலகைதாம்மா பேச்சு.

ஆமாமா, பட்டுக்காரங்கதான். பட்டை வச்சு நாமதானே அந்தப் பேரு வச்சோம். அவங்க தங்களை என்னன்னு சொல்லிக்கிறாங்களோ யாரு கண்டா? கிழக்கே உலகம் முடியிற எடம். மரத்து இலையில தண்ணி தெளிச்சு, சீப்பால பட்டு நூலை வாரி எடுப்பாங்களாம். நீங்க போத்தியிருக்கீங்களே, அது அப்படி வந்ததுதான். ரோமாபுரியில எவன் அவங்களை நேர்ல பார்த்தான்? செம்பட்டை முடி, நீலக் கண்ணு, நல்ல உசரம், யாவாரத்துல வாயே தெறக்க மாட்டாங்க. படிச்சவங்க எழுதி வச்சிருக்காங்கம்மா. உங்க விருந்துக்கு வர்றவங்களும் அதைத்தானே படிச்சிருப்பாங்க.

போன வருசம் நெசமாவே அங்கேருந்து ஒருத்தனைக் கொண்டாந்தேன். கருத்த முடி, சின்னக் கண்ணு. பலகையைப் பார்த்துட்டு சந்தையே சிரிக்குது. கடைசியில துறைமுகத்துல மூட்டை தூக்கத் தள்ளிவிட்டேன்.

இவனா? உங்ககிட்ட மறைப்பேனா. ரைன் ஆத்துக்கு அந்தாண்ட புடிச்ச செர்மானியன்தான்.

பேசிட்டான்னா மானம் போயிடும்ங்கிறீங்க. நியாயந்தான். வந்த புதுசுல தங்கச்சி பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே கெடந்தான். ஹில்தா, ஹில்தான்னு. பாருங்க, நான் சொன்னதும் வாயைத் தெறக்குறான். சத்தம் வருதா? டேய், நல்லாத் தெற, அம்மா பாக்கட்டும். கிட்ட வாங்கம்மா, கடிக்க மாட்டான். புண்ணு சுத்தமா ஆறிடுச்சு. நாக்கு இல்லேன்னா என்ன, கஞ்சி முழுங்குவான்.

தங்கச்சியா? உள்ளதான் இருக்கா. அதே முடி, அதே கண்ணு. ஆமாமா, வாசலுக்கு ரெண்டு பக்கமும் ஜோடியா நின்னா எடுப்பாத்தான் இருக்கும். ஆனா அவ இன்னும் பேசுறாம்மா.

விருந்து எப்போ? அடுத்த மாசமா? அதுக்குள்ள ஆறிடும். ரெண்டு பேரும் வேணும்னா வழக்கம்போல அச்சாரமா மோதிரத்தைக் கழட்டிக் குடுங்க, இன்னிக்கே முடிச்சிடறேன்.

அடடா, மெதுவாம்மா, மெதுவா. விரல் வீங்கியிருக்கு, வலிக்கப் போவுது. கொஞ்சம் எண்ணெய் தடவிக்கிறீங்களா?

ஆங், வந்துடுச்சு.