தண்ணீர் நிற்கும் துணி

— இந்த முதுகுப் பை வேணாம் அண்ணா. பட்டை நல்லாத்தான் இருக்கு. ஓட்டை பத்தாது.

— பத்தாதா? ஆறு ஓட்டை இருக்கும்மா. யானைக்குக்கூட மாட்டலாம்.

— இடது பட்டையில கீழ ரெண்டு ஓட்டை கூட வேணும். அவருக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம்.

— ...ஓ.

— என்ன?

— ஒண்ணுமில்ல. வீட்டுக்காரருக்கா?

— ஆமா. காட்டுக்குப் போவாரு. கூடாரம் கீடாரம் எதுவும் கிடையாது. ஒரு தார்ப்பாய், ஒரு கம்பளி, கத்தி, சின்னக் கோடாலி. அங்க கிடைக்கிற குச்சியை வெட்டி நட்டு, அதுக்குக் கீழ படுத்துட்டு, கரி பிடிச்ச குவளையில டீ போட்டுக் குடிச்சுட்டு வர்றதுக்கு நாலு நாள் லீவு.

— வீட்டுல மெத்தை இருக்கும்போதேவா?

— அதைத்தான் நானும் பத்து வருஷமா கேட்டேன். ...கேக்குறேன்.

— நைலான் பை பாக்கலாமேம்மா? எடை பாதிதான் இருக்கும்.

— அவர்கிட்ட சொல்லிப் பாருங்க, அடிக்க வருவாரு. தீப்பொறி பட்டா நைலான் உருகிடுமாம். நடந்தா சரசரன்னு சத்தம் போட்டு காட்டையே எழுப்பிடுமாம். கான்வாஸ்தான் வேணும், தோல் பட்டைதான் வேணும், பித்தளை பக்கிள்தான் வேணும். என்னைக் கட்டிக்கும்போதுகூட மனுஷன் இவ்வளவு யோசிக்கல.

— யோசிச்சிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க!

— அவருதான் தப்பிச்சிருப்பாரு.

— ...சரி, இதைப் பாருங்க. மூடிக்கு ரெண்டு பக்கிள். பக்கவாட்டுல கோடாலி சொருக ஒரு வார். அடிப்பாகம் முழுக்கத் தோல். ஈர மண்ணுல வச்சாலும் தண்ணி மேல ஏறாது.

— கம்பளி உள்ள போகுமா? சுருட்டினா இந்த அளவு வரும். ஒரு டேப் குடுங்க, அளந்து காட்டுறேன்.

— டேப் இந்த டிராயர்லதான்... வேணாம். அது திறக்காது, இறுகிப் போச்சு. சாண் போட்டுச் சொல்லுங்க, போதும்.

— கடை நடத்துறீங்க, ஒரு டிராயரைச் சரி பண்ண முடியலையா?

— ஊருக்கெல்லாம் பை தைக்கிறவன் வீட்டுல சாமான் சாக்குலதான் கிடக்கும். சொல்லுங்க.

— ரெண்டு சாண்.

— தாராளமா போகும்.

— மழை பெஞ்சா?

— மெழுகு ஏத்தின கான்வாஸ்மா இது. தொட்டுப் பாருங்க. விரல்ல லேசா பிசுபிசுப்பு தெரியுதா? அதான் மெழுகு. அது இருக்கிற வரைக்கும் தண்ணி உள்ள போகாது.

— ஊத்திக் காட்டுங்க.

— புதுப் பை மேலயா! என் பொழப்புல மண்ணைப் போட வந்தீங்களா? ...இருங்க, இதே துணியில வெட்டின துண்டு ஒண்ணு கிடக்கு. அந்த டம்ளரை இப்படித் தள்ளுங்க. ம்... பாத்தீங்களா? முத்து முத்தா நிக்குது.

— எவ்வளவு நேரம் நிக்கும்?

— நீங்க ஊருக்குப் போயிட்டு வந்தாலும் நிக்கும்.

— மூணு நாள்?

— ...மூணு நாள் விடாம பெஞ்சா தையல் வழியா கொஞ்சம் கசியும். அவ்வளவுதான்.

— கம்பளி காஞ்சிருக்கும்?

— காஞ்சிருக்கும்மா.

— தீப்பெட்டி?

— அதுவும்தான். ...ஒரு டீ சொல்லவா? முகமெல்லாம் வாடியிருக்கு.

— வேணாம். இந்தத் துணியைத் துவைக்கலாமா?

— துவைக்க வேண்டிய அவசியமே இல்லம்மா. ஈரத் துணியால துடைச்சா போதும்.

— துவைச்சா?

— காட்டுக்குப் போற பைக்கு அழுக்குதான் அழகு. அதை விடுங்க, கலர் சொல்லுங்க. பச்சையா, காக்கியா?

— அண்ணா, துவைச்சா என்ன ஆகும்னு கேட்டேன்.

— அது... துணிக்குத் துணி மாறும். இப்படித்தான்னு சொல்ல முடியாது.

— சொல்ல வேணாம், செஞ்சு பாத்துடலாம். அதோ கெட்டில்ல வெந்நீர் இருக்கு. சோப்புத் தூள் நான் கொண்டுவந்திருக்கேன்.

— பை வாங்க வர்றவங்க யாராவது சோப்புத் தூள் கொண்டு வருவாங்களா!

— இந்தக் கிண்ணத்தை எடுத்துக்கறேன்.

— அம்மா, கை சுடும்... விடுங்க, இது பழைய துண்டு. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

— இப்பதானே தண்ணி நின்னுச்சு? ...நான் பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். ரெண்டு தரம். இங்க பிரஷ் இல்ல, பரவாயில்ல, நகத்தாலேயே... பாருங்க, பாருங்க, மேல மஞ்சளா மிதக்குது. இது என்ன?

— ...

— இது என்ன அண்ணா?

— மெழுகு.

— நான் அழுக்குன்னு நினைச்சேன். பத்து வருஷத்து அழுக்குன்னு நினைச்சு வழிச்சு வழிச்சு ஊத்தினேன். ...பிழிஞ்சாச்சு. இப்ப இது மேல தண்ணி ஊத்துங்க.

— வேணாம்மா.

— ஊத்துங்க. நான் எண்ணுறேன். ஒண்ணு... ரெண்டு...

— போதும்.

— மூணுகூட எண்ண முடியல.

— உக்காருங்க. முதல்ல இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— நான் பை வாங்க வரலை.

— தெரியும்மா.

— எப்போ தெரிஞ்சுது?

— ரெண்டு ஓட்டை கூட வேணும்னு சொன்னீங்களே, அப்பவே. அந்த ஓட்டையை அடிச்சவன் நான். பேப்பர்ல படம் போட்டப்பகூட அவர் முகத்தைப் பாக்கல. பக்கத்துல கிடந்த பையைப் பாத்துத்தான்...

— தெரிஞ்சும் கலர் கேட்டீங்க.

— வேற என்னத்தைக் கேப்பேன்?

— ...பத்து வருஷம் அந்தப் பையோட எனக்குச் சண்டை. புகை நாத்தத்தோட மூலையில உக்காந்திருக்கும், சக்களத்தி மாதிரி. அதைத் தாண்டித்தான் நான் பெருக்கணும். இந்தத் தடவைதான் தோணுச்சு, போறவரைச் சிரிச்ச முகத்தோட அனுப்பிப் பாப்போமேன்னு. அவர் வேலைக்குப் போன நேரமாப் பாத்துத் துவைச்சேன். கொடியில பளிச்சுன்னு காஞ்சுது. எனக்கே பெருமையா இருந்துச்சு.

— அவர் வந்து பாத்துட்டு என்ன சொன்னாரு?

— தடவிப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. புதுசு மாதிரி ஆக்கிட்டியேன்னு என்னைக் கட்டிக்கிட்டாரு.

— ம்.

— ஓடைப் பக்கத்துல கால் பிசகி விழுந்திருக்காரு. கால் பிசகி யாராவது சாவாங்களா அண்ணா? மூணு நாள் மழை. நாலாவது நாள்தான் கண்டுபிடிச்சாங்க. தேடப் போனவங்கள்ல ஒருத்தர், போற போக்குல சொன்னாரு, ஒரு காஞ்ச போர்வை இருந்திருந்தா ஆள் பொழச்சிருப்பாருன்னு. பையை என் கையில குடுத்தாங்க. கம்பளியை நான்தான் பிழிஞ்சேன். தீப்பெட்டி கூழா இருந்துச்சு. ஒரு குச்சி விடாம உரசிப் பாத்திருக்காரு.

— யார்கிட்டயாவது சொன்னீங்களா?

— யார்கிட்ட சொல்ல? மாமியார் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. இந்தக் கையைத்தான். நீ என்னம்மா பண்ணுவேன்னு கேப்பாங்க. நான் கையை இழுத்துக்காம உக்காந்திருப்பேன்.

— தெரியாம செஞ்சதும்மா.

— அது இல்ல. அதுக்கு நான் என்ன பதில் வேணும்னாலும் சொல்லிக்குவேன். எனக்கு வேற ஒண்ணு தெரியணும். நனைஞ்சப்போ... ஏன் நனையுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா? பை பழசாயிடுச்சுன்னு நினைச்சிருப்பாரா? அப்படி நினைச்சிருந்தாருன்னா நான் எப்படியாவது இருந்துடுவேன். நீங்க அந்தப் பையைத் தைச்சவர். சொல்லுங்க. பொய் சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. யோசிச்சுச் சொன்னா கண்டுபிடிச்சிடுவேன்.

— கிளம்பின அன்னிக்கு இங்க வந்தாரு, தங்கச்சி.

— இங்கயா?

— ஒரு பக்கிள் ஆடுதுன்னு வந்தாரு. பையைத் தொட்டதும் எனக்குக் கோபம் வந்துடுச்சு. எந்தப் புண்ணியவான் பாத்த வேலைன்னு கத்தினேன். என் வீட்டுக்காரின்னாரு. ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி சொன்னாரு.

— ...அப்போ தெரியும்.

— ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, மெழுகு ஏத்தித் தரேன்னேன். கேக்கல. ஏத்தினா துணி கருத்துடும், கையில ஒட்டும், அவளுக்குத் தெரிஞ்சு போயிடும்னாரு. பத்து வருஷத்துல இப்பதான் என் சாமானைத் தொட்டிருக்கா, இனிமே தொடவே பயப்படுவாள்னாரு.

— தெரிஞ்சேதான் போனாரு.

— ஆமாம்மா.

— அந்தக் கடைசிக் குச்சியை உரசினப்பவும் தெரியும். நீங்க? மூணு எண்ணுறதுக்குள்ள தண்ணி உள்ள போயிடும்னு தெரிஞ்ச நீங்க, எப்படிண்ணா அவரை அப்படியே அனுப்பினீங்க?

— அப்படியே அனுப்பல. இந்த டிராயர் திறக்காதுன்னு சொன்னேன்ல? திறக்கும். உள்ள ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கு. அவர் கம்பளி அளவுக்கு நானே வெட்டி ஒட்டினது. உள்ளுக்குள்ள இருந்தா அவ கண்ணுல படாதுன்னு அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸுக்கு நேரமாச்சு, வச்சாச்சான்னு கேட்டாரு. பக்கிளைத் தைச்சுக்கிட்டே, தலையை நிமித்தாம, வச்சாச்சுன்னு சொன்னேன். அவர் போனப்புறம் பாத்தா மேசை மேலயே கிடக்குது. ஓடியிருந்தா பஸ்ஸைப் பிடிச்சிருக்கலாம்... மழைக்காலமா என்னன்னு டிராயர்ல போட்டு மூடிட்டேன்.